உயிர்வேலியும் வேலிநறுக்கியும்

நிலத்தின் எல்லையில் நிரையாக நட்ட செடிகளே வேரூன்றித் தழைத்து, கல்லும் கம்பியும் செய்யும் காவலைத் தாமே செய்யுமாயின் அதனை உயிர்வேலி என்கிறோம். போடிநாயக்கனூரை அடுத்து ஏலமலை அடிவாரத்தில் அமைந்த சிலமலை போன்ற ஊர்களுக்கு இது புதிதன்று. கிளுவையும் கள்ளியும் தோட்டங்காடுகளைக் காக்க, மருதாணியும் செம்பருத்தியும் ஆடாதொடையும் வீட்டைச் சூழ்கின்றன. நாற்றுப்பண்ணைகளின் வழியே டுராண்டாவும் அண்மையில் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றை நறுக்கிச் சீர்செய்ய விசைப்பொறி வாங்க எண்ணுவோர், கடையை நாடுமுன் செடியை அறிதல் வேண்டும்.

நறுக்க நறுக்க வேலி அடர்வது ஏன்? கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளரூக்கியைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்ப, இலைக்கோணங்களிலுள்ள பக்கமொட்டுகள் அதற்கு அடங்கி உறங்குகின்றன. இதனை நுனியாட்சி எனலாம். நுனி வெட்டுண்டதும் அவ்வாட்சி தளர, உறங்கிய மொட்டுகள் இரண்டும் மூன்றுமாகக் கிளைத்தெழுகின்றன. ஓட்ஸ் நாற்றின் முளைநுனியை அகர்க்கட்டிமேல் வைத்து, இவ்வூக்கி அதனுள் ஊறி இறங்குவதை 1920-களில் மெய்ப்பித்தவர் டச்சு அறிஞர் பிரிட்ஸ் வென்ட். நம் உழவரோ பெயரறியாமலே அதனை அரிவாளால் நெடுங்காலம் ஆண்டுவந்தவர். அடி அகன்று தலை ஒடுங்குமாறு நறுக்கினால் அடியிலைக்கும் வெயில் எட்டும். தலை அகன்ற வேலியின் அடி மொட்டையாகும்; அங்கே ஆடு நுழையும்.

வேலிநறுக்கி என இங்கு நாம் பெயரிடும் பொறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய இரண்டு எஃகுப் பற்சட்டங்களைக் கொண்டது. மோட்டார் எனும் சுழலியின் விரைவைப் பல்லுருளிகள் குறைத்து, மையம் விலக்கிப் பொருத்திய வட்டு ஒன்றுக்குத் தர, அவ்வட்டு சுழலுந்தோறும் சட்டம் முன்னும் பின்னும் ஓடுகிறது. பற்களுக்கிடையே புகுந்த தண்டு இரு விளிம்புகளுக்கு நடுவில் அகப்பட்டுத் துண்டாகிறது. ஆகவே இது கத்தரிக்கோலின் இனமேயன்றி வாளின் இனமன்று. ஒரு சட்டம் நிற்க மற்றொன்று அசைவது ஒற்றையசைவு வகை. இரண்டும் எதிரெதிராக அசைவது இரட்டையசைவு வகை. பின்னதில் ஒன்றன் உந்தத்தை மற்றொன்று ஈடுசெய்வதால் கைக்கு வரும் அதிர்வு குறைகிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பொறியும் இக்குடும்பத்ததே. நறுக்கிய இலையை ஏந்தும் பை அதற்குக் கூடுதல்.

வாங்குவோர் பலர் வாட்டு அளவையே முதலில் கேட்கின்றனர். முதலில் கேட்கத்தக்கது பல்லிடைவெளி. வீட்டுப் பொறிகளில் அது பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர். தொழில்முறைப் பொறிகளில் 30-ஐயும் எட்டும். இடைவெளியில் புகாத தண்டினை எத்துணைத் திறனுள்ள சுழலியும் அறுக்காது. புகுந்தாலும், 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டைவிட 16 மில்லிமீட்டர் தண்டில் அறுக்க வேண்டிய பரப்பு இருமடங்கன்று, நான்கு மடங்கு. எனவே வேலிக்குள் கையை நுழைத்து, நறுக்க விரும்பும் இடத்தில் தண்டை ஒரு நூலால் சுற்றி, அந்நூலின் நீளத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ விட்டம் கிடைத்துவிடும். இளங்கிளுவைக்கு வீட்டுப்பொறி ஈடுகொடுக்கும். பல ஆண்டு கவாத்துக் காணாத மருதாணிக்கு முதலில் கைவாளே வேண்டும்.

ஆற்றல் வரும் வழியால் பொறிகள் மூவகைப்படும். கம்பிவழி மின்பொறி எடையும் விலையும் குறைந்தது. ஆயினும் 230 வோல்ட்டு ஓடும் தன் கம்பியைத் தானே வெட்டிக்கொள்ளும் இடர் உடையது. கம்பியைத் தோள்மேலிட்டு முதுகுப்புறம் விடுவதும், மின்கசிவில் தானே அறுபடும் இணைப்பில் மட்டும் செருகுவதும் கட்டாயம். மின்கலப்பொறிக்கு அவ்விடர் இல்லை. 18 வோல்ட்டு, 4 ஆம்பியர்-மணிக் கலம் 72 வாட்டு-மணி ஆற்றலைத் தாங்கும். சுழலி 150 வாட்டு இழுப்பதாகக் கொண்டால் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும். இலித்தியக் கலத்தைப் பொதுவாக 45 செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றலாகாது. சித்திரை வெயிலில் உழைத்த கலம் நிழலில் ஆறட்டும்.

மூன்றாவது, கன்னெய் எனும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் ஈரடி எந்திரம். எடை மிகுந்து, இரைந்து புகையும் இது, மின்சாரம் எட்டாத மலைத்தோட்டத்துக்கே உரியது. அங்கும் ஓர் இயற்பியல் நெறி குறுக்கிடுகிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் காற்று மெலிகிறது. ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் அதன் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைய, உள்ளே புகும் உயிர்வளி குறைந்து எந்திரத்தின் திறனும் அவ்வளவு தாழ்கிறது. அடிவாரத்துக் காற்றுக்கேற்ப எரிகலப்பி எனும் கார்புரேட்டரைத் திருகிவைத்த பொறி மேலே கன்னெய் மிகுந்து புகை கக்கும். மின்சுழலிக்கு இக்குறை இல்லை. ஏலக்காட்டில் நிழல்மரக் கிளை கழிப்பதோ எவ்வகை வேலிநறுக்கிக்கும் உரிய வேலையன்று. அதற்கு மரமேறத் தெரிந்த ஆள் வேண்டும்.

எடையைக் கடைமேடையில் தூக்கிப் பார்த்து முடிவுசெய்யலாகாது. கையை நீட்டித் தோளுயரத்தில் சிறிது நேரம் பிடித்துப் பார்க்க வேண்டும். அதிர்வும் எண்ணத்தக்கதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறி, எட்டுமணி வேலைநாளுக்குக் கையதிர்வின் மேலெல்லையை நொடியிருமடிக்கு 5 மீட்டர் என வரையறுத்து, 2.5 மீட்டரிலேயே தடுப்பு தொடங்க வேண்டும் என்கிறது. இருகையும் இரு பிடிகளை அழுத்தினாலன்றி ஓடாத பொறியையே தேர்க. சட்டம் ஓடுகையில் ஒரு கையும் அதனை அணுகாது.

கிளுவை, வெள்ளைப்போளம் தரும் மரத்தின் இனத்தது. அதன் பிசின் பற்களில் உலர்ந்து இறுகும். வேலை முடிந்ததும் கலத்தைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சட்டத்தைத் துடைத்து, மெல்லெண்ணெய் பூசுக. மழுங்கிய பல் தண்டை அறுக்காது, கசக்கிக் கிழிக்கும். நறுக்கிய நுனி நார்நாராகி வெளிறியிருந்தால் தீட்டும் காலம் வந்தது என்று கொள்க. கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. கண்ணாடியின்றிக் கள்ளியை நெருங்கலாகாது.

வேலி இருபது அடிக்குள் இருந்தால் பொறியே வேண்டா, இருகைக் கத்தரி போதும். அதனினும் நீண்ட வேலியுடைய சிலமலை வீட்டுக்கு, 45 செண்டிமீட்டர் சட்டமும் 18 மில்லிமீட்டர் பல்லிடைவெளியும் இரட்டையசைவும் கொண்ட மின்கலப்பொறியே தக்கது. மாற்றுக்கலமும் மாற்றுச்சட்டமும் போடியிலோ தேனியிலோ கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.