பின்பலகையில் 40 கிலோ

கார் வைத்திருக்கும் எவரும் இரவு வீடு திரும்பியதும் இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறுவதில்லை. வடசென்னைக் குப்பங்களிலிருந்து பழவேற்காடு வரை, ஃபைபர் படகு வைத்திருக்கும் பலருக்கு அதுதான் அன்றாட வேலை. அவுட்போர்டு இன்ஜினின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கரையில் விட்டுவிட்டுப் போனால் காலையில் இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆகவே படகு மணலில் கிடக்கும், இன்ஜின் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும். மறுநாள் விடியுமுன் இரண்டு பேர் அதைக் கழியில் கட்டித் தூக்கிவந்து, அலை காலை இழுக்கும் ஈர மணலில் நின்றபடி, அரை இருட்டில் படகின் பின்பலகையில் மாட்டுவார்கள். ஏரியில் உல்லாசப் படகு ஓட்டுபவர் வாழ்நாளில் ஓரிரு முறை செய்யும் வேலை இது என்று நினைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் கையேட்டில் 'பொருத்தும் முறை' என்ற பகுதியை எழுதியிருக்கிறார்கள். நம் கரையில் அது பல் துலக்கியதும் செய்கிற வேலை. தினமும் செய்வதாலேயே கவனம் குறைகிறது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் தொழில் செய்த ஓலே எவின்ரூட், 1909-இல் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரைத்திறன்; எடை 28 கிலோ. அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் போன்றவர்கள் செய்து விற்றதுண்டு. சந்தையில் நிலைத்தது எவின்ரூடின் மோட்டார்தான். இன்று நம் படகுகளில் பரவலாகக் காணும் 9.9 குதிரைத்திறன் இன்ஜின் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். சக்தி ஆறு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. ஆனால் அடிப்படை அமைப்பு அப்படியே இருக்கிறது: மேலே தலை, நடுவே நீண்ட கால், அடியில் புரொப்பெல்லர், இவை அனைத்தையும் படகோடு சேர்க்க, பலகையைக் கவ்வும் ஒரு பிடி. அந்தப் பிடியில் கையால் முடுக்கும் இரண்டு திருகுகள்.

அந்தத் திருகுகளும் பலகையும் சுமக்கும் பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரொப்பெல்லர் படகை 100 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருகுகளிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே அது சுழல்கிறது. பிடியின் கீழ்விளிம்பு, திருகுகளுக்கு 25 சென்டிமீட்டர் கீழே பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நெம்புகோல் விதிப்படி, அந்தக் கீழ்விளிம்பு பலகையை 240 கிலோ எடைக்கு நிகராக முன்னோக்கி அழுத்தும். மேலே திருகுகள் அதே பலகையை 140 கிலோ எடைக்கு நிகராகப் பின்னோக்கி இழுக்கும். கழித்தால் மிஞ்சும் 100 கிலோதான் படகை ஓட்டுகிறது. அதாவது, படகை நகர்த்தும் விசையைவிடப் பலகையை வளைக்கும் விசை பெரிது. ரிவர்ஸ் போட்டால் எல்லாம் தலைகீழாகும். திருப்பும்போது பக்கவாட்டில் இழுக்கும். அலையில் பின்புறம் தூக்கிப் போட்டால் 40 கிலோ எடையும் குதித்து இறங்கும். இத்தனைக்கும் ஓயாத அதிர்வு வேறு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பலகையை. பெரும்பாலான ஃபைபர் படகுகளில் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட்டோ வேறு மரமோ இருக்கும். யாரோ எப்போதோ போட்ட ஆணித் துளை, திருகு அழுத்திய இடத்தில் விழுந்த கீறல், இவை வழியாக உப்புநீர் உள்ளே இறங்கினால் மரம் மெல்ல ஊறி உளுத்துப்போகும். வெளித்தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே ஈரத் தூள். கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பலகையை ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வந்தால் போதும். நல்ல இடம் 'டக் டக்'கென்று கணீரென ஒலிக்கும். உளுத்த இடத்தில் ஒலி மழுங்கி, உள்வாங்கிப் போகும். திருகுகள் கவ்வும் இடத்தில் அந்த மழுங்கல் கேட்டால் இன்ஜினை மாட்டுவதற்கு முன் படகைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். மேலே ஒரு கோட்டு ஃபைபர் பூசி மறைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுகிற கதை.

பலகை நன்றாக இருந்தால், திருகு பதியும் இடத்தில் இரும்போ அலுமினியமோ ஒரு தகடு வைப்பது நல்லது. தகட்டின் மேல்விளிம்பு சற்று எழும்பியிருக்க வேண்டும். திருகு தளர்ந்து இன்ஜின் மேலே வழுக்கினாலும் அந்த விளிம்பில் தட்டி நிற்கும். பெரிய இன்ஜின்களைப் பலகை வழியாகத் துளையிட்டு போல்ட் போட்டே பொருத்த வேண்டும். அந்தத் துளைக்குள் சீலன்ட் நிறைய வைக்காவிட்டால், மேலே சொன்ன உளுத்தல் அங்கிருந்தே தொடங்கும். தினமும் கழற்றும் சிறிய இன்ஜினுக்கு போல்ட் நடைமுறைக்கு ஒத்துவராது; திருகை நம்பித்தான் ஆகவேண்டும். இரண்டு திருகுகளையும் மாறி மாறி, கையால், சமமாக முடுக்க வேண்டும். பைப்பை மாட்டி முறுக்கினால் பலகைதான் நசுங்கும். கால் மணி நேரம் ஓடிய பிறகு, அதிர்வில் எல்லாம் தன் இடத்தில் அமர்ந்தபின், இன்னொரு முறை தொட்டு முடுக்க வேண்டும். திருகு தளர்வது பெரும்பாலும் இந்த முதல் ஓட்டத்தில்தான்.

கூடவே ஒரு காவல் கயிறு. இன்ஜினின் பிடியில் அதற்கென்றே துளை இருக்கும். அதிலிருந்து படகின் வளையத்துக்குக் குட்டையாகக் கட்ட வேண்டும். நீளமாகக் கட்டினால் இன்ஜின் மூழ்காது, சரி. ஆனால் ஓடிக்கொண்டே கழன்ற இன்ஜின், கயிற்றின் நீளத்துக்குப் படகைச் சுற்றி ஆட்டம் போடும். இன்ஜினின் காலோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. பழவேற்காடு முகத்துவாரம் போல மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் கால் தரை தட்டினால், அது தானாக மேலே எகிற வேண்டும். கட்டிவைத்த கால் எகிறாது; அந்த அடி முழுவதும் பலகைக்குப் போகும்.

அடுத்தது உயரம். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, காலிலிருந்து இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான தகட்டைப் பலர் கவனித்திருப்பார்கள். அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்கு ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். இன்ஜின்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என்று கால் நீளம் வேறுபட்டு வருவது இதற்காகத்தான். வாங்குமுன் பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நடுக்கோட்டில் அளந்து பார்க்காமல், கடையில் இருப்பதை வாங்கிவந்து கட்டையை வைத்து உயர்த்துபவர்கள் உண்டு. இன்ஜின் தாழ்ந்திருந்தால் நீரின் இழுவை கூடும், எண்ணெய் வீணாகும், தலைக்கு உப்புநீர் தெறிக்கும். உயர்ந்திருந்தால் ஆபத்து வேறு வகை. இறக்கைகள் மேற்பரப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றைத் தள்ளினால் படகு நகராது. சுமை திடீரென இல்லாமல் போவதால் இன்ஜின் ஊளையிடும், வேகம் செத்துவிடும். அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது, படகின் பின்புறம் தூக்கும் அந்த ஒரு நொடியில் இது நடந்தால், அடுத்த அலைக்குப் படகு குறுக்கே கிடக்கும்.

இந்தக் காற்றுக் குமிழிகளுக்கு ஓர் உறவு உண்டு. நீர் கொதிக்க வெப்பம் கட்டாயமில்லை. அழுத்தம் போதிய அளவு குறைந்தால் 30 டிகிரி கடல்நீரும் கொதிக்கும். மிக வேகமாகச் சுழலும் இறக்கையின் முதுகில் அப்படி நீராவிக் குமிழிகள் தோன்றி, அடுத்த கணமே நொறுங்கி, உலோகத்தையே அரித்துக் குழி போடும். நீராவி டர்பைனைக் கப்பலுக்குக் கொண்டுவந்த சார்லஸ் பார்சன்ஸ், 1894-இல் தன் 'டர்பினியா'வை ஓட்டிப் பார்த்தபோது எதிர்பார்த்த வேகம் வராமல் போனது இதனால்தான். கடைசியில் மூன்று தண்டுகளில் மூன்று மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களைப் பூட்டி, 1897-இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் மணிக்கு 34 கடல்மைல் வேகத்தில் பாய்ந்து காட்டினார். நம் 9.9-க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கே தொல்லை பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் வெறும் காற்றுதான். ஆனால் இறக்கையின் முனை நசுங்கியோ ஒடிந்தோ இருந்தால், கொதிக்கும் குமிழியும் வந்து சேரும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் நீரும் காலில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. தலைக்குக் கீழே ஒரு சிறு தாரையாக வெளியே பீய்ச்சும் தண்ணீர் அதற்குச் சாட்சி. தாரை நின்றால் இன்ஜினை நிறுத்த வேண்டும். நீரை ஏற்றுவது ஒரு ரப்பர் சக்கரம். ஈரம் இல்லாமல் சுழன்றால் சீக்கிரமே கருகிவிடும். 'ஓடுதா பார்ப்போம்' என்று மணலில் வைத்தே ஸ்டார்ட் செய்பவர்கள் கெடுப்பது அந்தச் சக்கரத்தை.

பெரிய இன்ஜின் போட்டால் வேகமாகப் போகலாம் என்ற நம்பிக்கை எல்லாக் கரையிலும் இருக்கிறது. ஐஸ், வலை, ஆட்கள் என்று பாரம் ஏற்றிய படகு, தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது இயற்பியல். நீர்க்கோட்டில் 6.7 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 11.6 கிலோமீட்டர். அதற்கு மேல் போக முயன்றால் அணியம் தூக்கும், பின்புறம் தாழும், எண்ணெய்ச் செலவு எகிறும், வேகம் கொசுறாகத்தான் கூடும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக ஓய்விந்த் குல்பிரான்ட்சன் என்ற நார்வே படகு வடிவமைப்பாளர் எழுதிய ஆய்வறிக்கை, 1986-இல் சென்னையிலிருந்தே வெளியானது. சிறு மீன்பிடிப் படகுகளில் எண்ணெயை மிச்சம் பிடிக்க முதல் வழி வேகத்தைச் சற்றுக் குறைப்பது என்று அதில் சொன்னார். கரையில் அது எடுபடவில்லை. ஏலத்துக்கு முதலில் வந்து சேரும் மீனுக்குத்தானே விலை. அந்தக் கணக்கையும் தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு உச்சத் திறன் இவ்வளவுதான் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். 14 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 56. கையால் பிடித்துத் திருப்பும் இன்ஜினுக்கு, சாதாரண அடிப்பகுதி உள்ள படகில் 20 குதிரைத்திறன் வரை போகலாம். அதே அளவுள்ள படகு தட்டையான அடியும் கூரிய விளிம்பும் கொண்டதாக இருந்தால் 15-தான். படகின் வயிறு எந்த வடிவம் என்பதே 5 குதிரைத்திறனைத் தீர்மானிக்கிறது.

எண்ணெய் பற்றி ஒரு விஷயம். டாங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு திருகு இருக்கும். ஏற்றி இறக்கும்போது சிந்தாமல் இருக்க மூடுவார்கள். புறப்படும்போது திறக்க மறந்துவிடுவார்கள். இன்ஜின் ஒழுங்காகத்தான் கிளம்பும். சில நிமிடங்களில் டாங்குக்குள் வெற்றிடம் கூடி, பெட்ரோல் வருவது நின்று, இன்ஜின் இருமி அணையும். கரையிலிருந்து சில நிமிடத் தூரம் என்பது பெரும்பாலும் அலை உடையும் இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடியில் தேங்கும். பீடி பற்றவைக்குமுன் அது நினைவிருக்க வேண்டும்.

கடைசியாக, இன்ஜினோடு வரும் சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனையில் உள்ள கிளிப், ஸ்டாப் பொத்தானின் கழுத்தில் மாட்டப்படும். மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ. ஆள் தவறி விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், பொத்தான் உள்ளே போகும், தீப்பொறி அறுந்து இன்ஜின் நிற்கும். அது இல்லையென்றால், புரொப்பெல்லரின் திருகுவிசையால் கைப்பிடி ஒரு பக்கமாகச் சாயும். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். நிமிடத்துக்கு 5,500 சுற்று ஓடும் இன்ஜின், பல்சக்கரம் வழியாகப் பாதிக்கும் சற்றுக் குறைவாகப் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. மூன்று இறக்கை என்றால் ஒரு நொடியில் 130 வெட்டுக்கு மேல். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே ஒரு வேகப்படகிலிருந்து ஒரே குடும்பத்தினர் ஆறு பேரும் தூக்கி எறியப்பட்டனர். கயிறு யார் உடம்பிலும் மாட்டப்படவில்லை. படகு திரும்பத் திரும்ப அவர்கள்மீதே வந்தது, இருவர் இறந்தனர். 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில், கூட்டாட்சிக்குட்பட்ட நீர்ப்பரப்புகளில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்து ஓடும்போது, இந்தக் கயிற்றை மாட்டிக்கொள்வது சட்டம்.

நம் மீனவர்களிடம் கேட்டால் வலை இழுக்கும்போது மாட்டிக்கொள்கிறது என்பார்கள். பாதி நியாயம்தான். வலை இழுக்கும்போது இன்ஜின் பெரும்பாலும் அணைந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டும்போது வலை இழுப்பதில்லை. கிளிப்பைப் பொத்தானிலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்துவிட்டு வெறுங்கையோடு ஓட்டுபவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் ஒதுக்க முடியாது: கிளிப்போடு ஓட்டுபவர் கடலில் விழுந்துவிட்டால், படகில் மிச்சமிருப்பவர் இன்ஜினைத் திரும்ப எப்படிக் கிளப்புவார்? கிளிப் இல்லாமல் பல இன்ஜின்கள் கிளம்பாது. அதற்காகத்தான் உதிரிக் கிளிப் தனியாக விற்கிறார்கள். அதை வீட்டு அலமாரியில் வைத்துப் பயனில்லை. படகிலேயே, ஓட்டுபவருக்கு அடுத்து இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில், அவருக்குத் தெரிந்து தொங்க வேண்டும்.