நேரடி ஒடுக்க இரும்பு: எஃகு ஆக்கத்தில் அதன் இடமும் இந்தியச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

இரும்புத் தாதுவை உருக்காமல், திண்ம நிலையிலேயே அதிலுள்ள ஆக்சிசனை நீக்கிப் பெறப்படும் உலோகம் நேரடி ஒடுக்க இரும்பு எனப்படும். கார்பன் உமிழ்வைக் குறைக்கும் வழியாக உலகெங்கும் இத்தொழில்நுட்பம் முன்வைக்கப்படுகிறது. ஆயினும், இதனை மிகுதியாக உற்பத்தி செய்யும் இந்தியாவில் பெரும்பகுதி நிலக்கரியைக் கொண்டே ஆக்கப்படுகிறது. ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு முறைகளின் வேதியியல், விளைபொருளின் தரம், உமிழ்வு ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. ஐதரசன் வழி ஒடுக்கத்தின் வாய்ப்பையும் வரம்பையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நேரடி ஒடுக்கம், பஞ்சு இரும்பு, சுழல் உலை, தண்டு உலை, மின்வில் உலை, தூண்டல் உலை, ஐதரசன்.

முன்னுரை

உலக எஃகு உற்பத்தியில் பெரும்பங்கு இன்றும் ஊதுலையைச் சார்ந்தே நடைபெறுகிறது. ஊதுலையில் கல்கரி மூன்று பணிகளைச் செய்கிறது. அது எரிந்து வெப்பம் தருகிறது. கார்பன் மோனாக்சைடாக மாறித் தாதுவை ஒடுக்குகிறது. உலையினுள் அடுக்கப்பட்ட பொருள்களின் சுமையைத் தாங்கி, வாயு மேலெழுவதற்கு இடைவெளியும் தருகிறது. இம்மூன்றாம் பணியே கல்கரியை முழுவதுமாக விலக்க இயலாமைக்குக் காரணம். இவ்வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. கல்கரி ஆக்குவதற்கேற்ற நிலக்கரி எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. கல்கரி இல்லாமல் இரும்பு ஆக்கும் முறைக்கு நாடுகள் காட்டும் ஆர்வத்தை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

ஒடுக்கத்தின் வேதியியல்

தூய இரும்பின் உருகுநிலை 1538 பாகை செல்சியசு. ஆனால் தாதுவிலிருந்து ஆக்சிசனைப் பிரிப்பதற்கு அவ்வளவு வெப்பம் தேவையில்லை. 800 முதல் 1050 பாகை வரையிலான வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடோ ஐதரசனோ ஏமடைட்டோடு வினைபுரிந்து, அதனை முதலில் மேக்னடைட்டாகவும், பின்னர் உசுட்டைட்டாகவும், இறுதியில் உலோக இரும்பாகவும் மாற்றும். ஏமடைட்டின் எடையில் 30 விழுக்காடு ஆக்சிசன் ஆகும். எனவே, ஒரு டன் இரும்பைப் பெற ஏறத்தாழ 430 கிலோகிராம் ஆக்சிசனை நீக்க வேண்டும். ஆக்சிசன் வெளியேறிய இடங்கள் நுண்துளைகளாக எஞ்சுவதால் விளைபொருள் பஞ்சு போன்ற அமைப்பைப் பெறுகிறது. ‘பஞ்சு இரும்பு’ என்னும் பெயர் இதனால் அமைந்தது.

இம்முறையின் அடிப்படை புதியதன்று. கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட இரும்பு உருக்கு உலைகளைப் போன்ற பண்டைய உலைகளில் இரும்பு முழுமையாக உருகி வழியவில்லை. கரியின் துணையால் திண்ம நிலையில் ஒடுங்கிய இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்துக் கசட்டைப் பிரித்தனர். வேதியியல் நோக்கில் அதுவும் நேரடி ஒடுக்கமே. இருபதாம் நூற்றாண்டில் அதனைத் தொடர் உற்பத்தியாக மாற்றியதே புதுமை.

வாயு வழி: தண்டு உலை

1957இல் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில் எச்.ஒய்.எல். முறையிலான ஆலை வணிக அளவில் இயங்கத் தொடங்கியது. 1969இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் முதல் மிட்ரெக்சு ஆலை நிறுவப்பட்டது. மிட்ரெக்சு முறையில், இயற்கை வாயு நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் கார்பன் மோனாக்சைடும் ஐதரசனும் கலந்த ஒடுக்கும் வாயுவாக மாற்றப்படுகிறது. உயர்ந்த தண்டு உலையில் தாது உருண்டைகள் மேலிருந்து கீழிறங்க, சூடான வாயு கீழிருந்து எதிர்த்திசையில் மேலேறுகிறது. உலையின் உச்சியில் வெளியேறும் வாயுவின் பெரும்பகுதி தூய்மை செய்யப்பட்டு மீண்டும் வாயு மாற்றிக்குள் செலுத்தப்படுகிறது.

இவ்வழியில் பெறும் இரும்பில் 92 முதல் 95 விழுக்காடு வரை உலோகநிலையை அடைந்திருக்கும். தாதுவிலுள்ள சிலிக்கா, அலுமினா முதலிய மாசுகள் உருகிப் பிரியாமல் அப்படியே தங்கிவிடும். அவற்றை மின்வில் உலையில் கசடாக்கி நீக்குவதற்குக் கூடுதல் சுண்ணாம்பும் மின்சாரமும் செலவாகும். ஆகவே 67 விழுக்காடோ அதற்கு மேலோ இரும்பு கொண்ட உயர்தரத் தாது உருண்டைகளையே ஆலைகள் விரும்புகின்றன.

மறுபுறம், பழைய இரும்பில் ஒட்டிவரும் செம்பு, வெள்ளீயம் போன்ற தனிமங்கள் இதில் மிகக் குறைவு. எஃகிலிருந்து செம்பை நீக்குவது கடினமாதலால், பழைய இரும்போடு நேரடி ஒடுக்க இரும்பைக் கலந்து அம்மாசின் அளவைக் குறைக்கின்றனர். மின்வில் உலையில் தகட்டு எஃகு போன்ற தரம் மிக்க எஃகை ஆக்குவதற்கு இக்கலப்பு பெரிதும் உதவுகிறது.

நுண்துளை அமைப்பால் இப்பொருள் ஈரத்தோடும் காற்றோடும் எளிதில் வினைபுரியும்; அவ்வினையில் வெப்பமும் ஐதரசனும் வெளிப்படும். கப்பல் சரக்கறைகளில் இதனால் வெடிவிபத்துகள் நேர்ந்துள்ளன. இதனைத் தவிர்க்கும் பொருட்டு, 650 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அழுத்திச் செறிவான கட்டிகளாக்கிய பின்னரே தொலைவிடங்களுக்கு அனுப்புகின்றனர்.

நிலக்கரி வழி: சுழல் உலை

இந்தியாவில் இயற்கை வாயு குறைவு. கல்கரிக்கு உதவாத நிலக்கரியோ மிகுதி. இச்சூழலுக்கேற்ப, ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பின் துணையோடு ஆந்திரப் பிரதேசத்தின் பால்வஞ்சாவில் (இன்றைய தெலங்கானா) ஆண்டுக்கு 30,000 டன் திறன் கொண்ட ஆலை 1980இல் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் முதல் பஞ்சு இரும்பு ஆலை இதுவே. பின்னர் ஒடிசா, சத்தீசுகர், சார்க்கண்ட், மேற்கு வங்காளம், கர்நாடகத்தின் பல்லாரி வட்டாரம் ஆகிய பகுதிகளில் சிறு ஆலைகள் பெருகின. நாளொன்றுக்கு 100 டன் திறனுள்ள உலையைக் குறைந்த முதலீட்டில் நிறுவ முடிந்தமை இப்பெருக்கத்திற்குக் காரணமாயிற்று. குசராத்தின் அசிரா போன்ற சில இடங்களில் மட்டுமே வாயு வழி ஆலைகள் அமைந்தன.

சற்றே சாய்வாக அமைந்து மெல்லச் சுழலும் நீண்ட உருளையே சுழல் உலை. தாதுக் கட்டிகள், நிலக்கரி, கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் டோலமைட்டு ஆகியவை இதன் மேல்முனையில் இடப்படுகின்றன. நிலக்கரியின் கார்பன், கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. அது தாதுவை ஒடுக்கிக் கார்பன் டை ஆக்சைடாகிறது. அது மீண்டும் கார்பனோடு வினைபுரிகிறது. குளிர்வித்தபின் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுப்பர். எஞ்சும் கரியும் சாம்பலும் கலந்த பொருள் ‘டோலோச்சார்’ எனப்படும். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் வெளியேறும் புகைவாயுவைக் கொதிகலனுக்குச் செலுத்தி மின்னாக்கம் செய்யலாம். எனினும், சிறு ஆலைகள் பலவற்றில் அவ்வெப்பம் வீணாகிறது.

தரச் சிக்கல்

சுழல் உலை இரும்பு இந்தியாவில் பெரும்பாலும் தூண்டல் உலைகளில் உருக்கப்பட்டுக் கட்டுமானக் கம்பிகளாகிறது. இங்கு ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. எஃகிலுள்ள பாசுபரசை நீக்கக் காரத்தன்மை வாய்ந்த கசடும் ஆக்சிசனேற்றச் சூழலும் தேவை. தூண்டல் உலைகளின் உட்பூச்சோ பெரும்பாலும் சிலிக்காவால் ஆகிய அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பு மிகுந்த கசடு அவ்வுட்பூச்சை அரித்துவிடும். எனவே தாதுவிலுள்ள பாசுபரசில் பெரும்பகுதி எஃகைச் சென்றடைகிறது. பாசுபரசு மிகுந்தால் எஃகு குளிரில் நொறுங்கும் இயல்பைப் பெறும்; நிலநடுக்கத்தின்போது கம்பி வளைந்து கொடுக்க வேண்டிய தன்மை குன்றும். இந்தியத் தர நிர்ணயம் 1786, எப்.இ. 500 வகைக் கம்பிக்கு 0.055 விழுக்காட்டையும், எப்.இ. 500டி வகைக்கு 0.040 விழுக்காட்டையும் பாசுபரசின் உச்ச அளவாக வரையறுக்கிறது. இவ்வரம்புக்குள் நிற்பதற்குத் தாதுத் தேர்வும், உருக்கிய எஃகைக் கரண்டி உலையில் மேலும் தூய்மை செய்வதும் இன்றியமையாதவை.

உமிழ்வு ஒப்பீடு

இயற்கை வாயுவால் ஒடுக்கிய இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது, டன்னுக்கு ஏறத்தாழ 1.4 டன் கார்பன் டை ஆக்சைடே வெளியாகிறது. ஒடுக்கத்தின் ஒரு பகுதியை ஐதரசன் செய்வதால் இக்குறைவு நிகழ்கிறது. சுழல் உலை வழியிலோ உமிழ்வு ஊதுலையினும் குறைவதில்லை. பல ஆலைகளில் அதனினும் மிகுகிறது. சாம்பல் மிகுந்த நிலக்கரி, வீணாகும் வெப்பம், உருக்குவதற்கு நிலக்கரி மின்சாரம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். 2003 முதல் இந்தியா இவ்விரும்பின் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கிறது. அண்மை ஆண்டுகளில் உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவுடையது. ஆனால் அதன் பெரும்பகுதி நிலக்கரி வழியில் ஆக்கப்படுவதாகும். ஆகவே, உற்பத்தி அளவை மட்டும் கொண்டு இந்தியா தூய எஃகில் முன்னிற்கிறது எனக் கருதுவது பிழையாகும்.

இவ்வேறுபாட்டுக்குப் பொருளியல் விளைவும் உண்டு. 2024 திசம்பரில் இந்திய எஃகு அமைச்சகம் வெளியிட்ட பசுமை எஃகு வகைப்பாடு, டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைந்த உமிழ்வுடைய எஃகையே பசுமை எஃகாக ஏற்கிறது, 1.6 டன்னுக்குக் குறைந்ததற்கு ஐந்து விண்மீன் தரம் அளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதிப் பொருள்களின் கார்பன் உமிழ்வுக்குக் கட்டணம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்துள்ளது.

ஐதரசன்: வாய்ப்பும் வரம்பும்

ஐதரசனை மட்டும் கொண்டு ஒடுக்கினால் நீராவியே விளைபொருள். சுவீடனில் எசு.எசு.ஏ.பி., எல்.கே.ஏ.பி., வாட்டன்பால் ஆகிய நிறுவனங்கள் 2016இல் ஐப்ரிட் திட்டத்தைத் தொடங்கின. லூலியோ நகரின் முன்னோடி ஆலை 2020இல் இயங்கத் தொடங்கி, 2021இல் ஐதரசனால் ஒடுக்கிய இரும்பை அளித்தது.

கோட்பாட்டளவில் ஒரு டன் இரும்புக்கு 54 கிலோகிராம் ஐதரசன் தேவை. ஒரு கிலோகிராம் ஐதரசனை மின்னாற்பகுப்பால் பெற ஏறத்தாழ 50 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும் எனக் கொண்டால், ஒடுக்கத்திற்கு மட்டும் 2,700 கிலோவாட் மணி வேண்டும். கார்பன் மோனாக்சைடு வழி ஒடுக்கம் சிறிது வெப்பம் உமிழ்வது. ஐதரசன் வழி ஒடுக்கமோ வெப்பம் கொள்வது. எனவே வாயுவைச் சூடேற்றவும் ஆற்றல் தேவைப்படும். மேலும், கார்பன் இல்லாத இரும்பை உருக்குகையில் மின்வில்லைப் போர்த்திக் காக்கும் நுரைக் கசடு எளிதில் உருவாகாது. அதற்கெனக் கார்பனைத் தனியே சேர்க்க வேண்டியுள்ளது. சுவீடனுக்கு நீர்மின்சாரமும் உயர்தர மேக்னடைட்டுத் தாதுவும் ஒருங்கே வாய்த்துள்ளன. அலுமினா மிகுந்த தாதுவும் நிலக்கரி மின்சாரமும் கொண்ட நாட்டில் அதே முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது.

முடிவுரை

நேரடி ஒடுக்கம் என்பது ஒற்றைத் தொழில்நுட்பமன்று. ஒடுக்கும் பொருள், தாதுவின் தரம், உருக்கும் உலை, மின்சாரத்தின் மூலம் ஆகிய நான்கும் சேர்ந்தே அதன் பயனை முடிவு செய்கின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை, ஐதரசன் ஆலைகள் பெருகும் காலம் வரை காத்திராமல் செய்யத்தக்கவை பல உள்ளன. தாதுவைச் செறிவூட்டி உருண்டைகளாக்குதல், புகைவாயு வெப்பத்தை மீட்டல், உருக்கிய எஃகைத் தூய்மை செய்யும் வசதியைச் சிறு ஆலைகளும் பெறுதல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. புதிய தண்டு உலைகளைத் தொடக்கத்திலேயே ஐதரசனையும் ஏற்கும் வகையில் அமைத்தால் பிற்கால மாற்றம் எளிதாகும். ஆய்வுகளும் புள்ளிவிவரங்களும் நிலக்கரி வழி இரும்பையும் வாயு வழி இரும்பையும் ஒரே தலைப்பில் தொகுக்காமல் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அப்போதுதான் உமிழ்வு பற்றிய மதிப்பீடுகள் உண்மை நிலையைப் புலப்படுத்தும்.