தனிமரம் தோப்பாகாது

கால்பந்தாட்டத்தில் களத்தில் இறங்குவோர் பதினொருவர். கோல் போடும் பொறுப்பு பெரும்பாலும் முன்வரிசையில் ஆடுவோருடையது. அவர்களில் ஒருவருக்குக் காலில் அடிபட்டால் என்ன ஆகும்? வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை கூற முடியும். இங்கிலாந்தின் பெரிய கழகங்களை இவ்வகையில் ஒப்பிட்டுப் பார்க்க, 1998-99ஆம் ஆண்டுப் போட்டிகள் நல்ல எடுத்துக்காட்டாகும்.

லிவர்பூல் கழகத்தில் மைக்கேல் ஓவன், ராபி பவுலர் என்னும் இரு சிறந்த முன்வரிசை வீரர்கள் இருந்தனர். லீக் ஆட்டங்களில் ஓவன் 18 கோல்களும் பவுலர் 14 கோல்களும் அடித்தனர். ஆனால் 1999 ஏப்ரலில் ஓவனின் தொடைத் தசை கிழிந்தது. அதே மாதத்தில் பவுலருக்கு ஆறு ஆட்டங்கள் ஆடத் தடை விதிக்கப்பட்டது. தற்காப்பும் பலவீனமாக இருந்த அக்கழகம் ஏழாம் இடத்தையே பெற்றது.

செல்சி கழகம் காசிராகி என்னும் இத்தாலிய வீரரை நம்பியிருந்தது. நவம்பரிலேயே அவருடைய முழங்காலில் பலத்த அடிபட்டது. ஜோலாவும் புளோவும் சுமையைத் தாங்கினர். கழகத்திற்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

ஆர்சனலின் தற்காப்பு மிக வலிமையானது. 38 லீக் ஆட்டங்களில் 17 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது. ஆயினும் அது அடித்தவை 59 கோல்களே. அனெல்கா, பெர்க்காம்ப் இருவருக்கும் துணையாகக் கானு வந்து சேர்ந்தது ஜனவரியில்தான். ஒரே ஒரு புள்ளியில் வெற்றி கைநழுவியது.

அந்தப் புள்ளியைப் பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் 80 கோல்கள் அடித்திருந்தது. அங்கே யார்க், கோல், ஷெரிங்ஹாம், சோல்ஷர் என முன்வரிசை வீரர் நால்வர் இருந்தனர். யார்க்கும் ஆண்டி கோலும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து ஆடுவர். ஷெரிங்ஹாம் வேகம் குறைந்தவர். ஆனால் கூரிய மதியுடையவர். சோல்ஷரோ பெஞ்சில் அமர்ந்தபடியே எதிரணியின் குறைகளைக் கவனிப்பவர். பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் பாரஸ்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, அவர் நான்கு கோல்கள் அடித்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் பதினொரு நாட்களுக்குள் இக்கழகம் மூன்று கோப்பைகளை வென்றது. 16ஆம் தேதி, லீக்கின் கடைசி ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் இறங்கிய கோல் வெற்றி கோலை அடித்தார். 22ஆம் தேதி, எப்.ஏ. கோப்பை இறுதியில் காயமடைந்த ராய் கீனுக்குப் பதிலாக வந்த ஷெரிங்ஹாம் முதல் கோலை அடித்தார். 26ஆம் தேதி, பார்சிலோனா நகரில் ஐரோப்பியக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தபோது பேயர்ன் மியூனிக் 1-0 என முன்னணியில் இருந்தது. கூடுதலாகத் தரப்பட்ட சில நிமிடங்களில் ஷெரிங்ஹாம் ஒரு கோலும், சோல்ஷர் ஒரு கோலும் அடித்தனர். இருவருமே அன்று பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள்!

எங்கள் வகுப்பு எறிபந்துக் குழுவில் இவ்வாண்டு நான் மாற்று ஆட்டக்காரி. தோழியரின் செருப்புகளுக்குக் காவல் இருக்கவா தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணி ஒருநாள் அழுததும் உண்டு. இந்த வரலாற்றை அறிந்தபின் அழுவதில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே எதிரணியைக் கவனிக்கக் கற்று வருகிறேன்.