வெளிச்சம் கூடினால் வெள்ளி குறையும்

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தைப்பொங்கலுக்குத் தோட்டத்துக்கு வந்தால், இராத்திரி லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, இங்கே எவ்வளவு வெள்ளி! கொழும்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தோட்டத்துக்கு ஒரு வானம், கொழும்புக்கு ஒரு வானம் என்று கிடையாதே. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

விளக்கு எப்படி வெள்ளியை மறைக்கிறது?

பனிமூட்டத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பாதை தெரியாது, எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும். டோர்ச் வெளிச்சம் பனித்துளியில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருவதுதான் காரணம். நகரத்திலும் இதுதான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான விளக்குகளின் வெளிச்சம் மேலே போய், காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. வானம் கறுப்பாக இல்லாமல் வெளுத்துப் போகிறது. மங்கலான நட்சத்திரங்கள் அந்த வெளுப்பில் அமிழ்ந்துவிடுகின்றன. இதை ‘ஒளி மாசு’ என்கிறார்கள்.

நல்ல இருட்டான இடத்தில் ஒரே நேரத்தில் 2,000க்கு மேற்பட்ட நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்க்கலாம். பெரிய நகரத்தின் நடுவில் சில பத்துத்தான் தெரியும். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பால்வீதியைப் பார்க்க முடியாத இடங்களில் வாழ்கிறார்கள் என்று 2016இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனால் விளக்கு அணைந்த இடத்திலெல்லாம் வெள்ளி கூடித் தெரிந்தது. வெள்ளி எங்கேயும் போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இடத்துக்கும் பங்கு உண்டு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உயரத்தில் காற்றும் தூசியும் குறைவு. நட்சத்திர வெளிச்சம் கடந்து வரவேண்டிய தூசிப் படலமும் குறைவு. ஆனால் மலைநாட்டில் தொல்லையும் உண்டு. பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு நாலு பக்கமும் மலை மறைக்கும், பனியும் அங்கேதான் தேங்கும். மேட்டில் வானம் அகலமாகத் தெரியும்.

மழைக்காலத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. தென்மேற்குப் பருவமழை வந்தபின் அங்கே மேகம்தான். அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளை பக்கம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இன்னொரு விசேஷம். துருவ நட்சத்திரம் மலைநாட்டில் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் 10 பாகை. வடக்கே ஒரு சின்னக் குன்று இருந்தாலும் அது மறைந்துவிடும். ஆனால் இங்கிலாந்தில் உள்ளவர்களுக்குத் தெரியவே தெரியாத தென்சிலுவை நமக்கு நன்றாகத் தெரியும்.

என்ன, எப்போது பார்க்கலாம்?

• பெப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்கு உச்சியைப் பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும். அதன் பக்கத்தில் சிவந்து தெரிவது திருவாதிரை. மேற்கே தள்ளி, சிறு கூட்டமாக இருப்பது கார்த்திகை.

• மார்ச் மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு, பிரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்ட எழும்பும் நம் பெண்கள் வெளியே வந்து தென்கிழக்கைப் பார்க்கட்டும். செந்நிறக் கேட்டை நட்சத்திரமும், அதன் அருகே புகை படர்ந்தது போலப் பால்வீதியும் தெரியும்.

• மே நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே நான்கு நட்சத்திரம் சிலுவை போல் நிற்கும். இதைத் திரிசங்கு என்றும் சொல்வார்கள்.

அமாவாசையை ஒட்டிய நாட்களே நல்லது. போயா நிலவும் ஒரு பெரிய விளக்குத்தான். இருட்டில் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டால் கண் அவ்வளவு கெடாது.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை: கார்த்திகையில் எத்தனை வெள்ளி என்று முதலில் வாசல் பல்ப்புக்குக் கீழே நின்று எண்ணட்டும். பிறகு இருட்டில் அரை மணி நேரம் நின்று எண்ணட்டும். ஆறு தெரிந்தால் உங்கள் வானம் நல்ல வானம்.

தனியாக மேட்டுக்குப் போகாதீர்கள். சிறுத்தையும் பாம்பும் உள்ள இடம். கோயில் வளவோ பிரட்டுக்களமோ போதும், நாலு பேராகப் போங்கள்.

அப்படியானால் விளக்கு வேண்டாமா?

“எத்தனை வருசம் குப்பி லாம்பில் கிடந்தோம். இப்போதுதான் கரண்ட் வந்தது. அதையும் அணைக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இராத்திரி கக்கூசுக்கும் பீலிக்கும் போகிற பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். அதை யாரும் குறைக்கச் சொல்லக் கூடாது.

நாம் சொல்வது வேறு. மூடி இல்லாத பல்ப்பின் வெளிச்சத்தில் ஒரு பங்கு வானத்துக்கு வீணாகப் போகிறது. இன்னொரு பங்கு நேரே கண்ணில் அடித்துக் கூச வைக்கிறது. அதனால் படிக்கட்டில் கிடக்கும் பாம்புகூடத் தெரியாமல் போகும். மேலே மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் பாதையும் நன்றாகத் தெரியும், வானமும் கெடாது. வெள்ளை நீல வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் பல்ப் மேல். தோட்டத்தில் புது வீதி விளக்கு போடும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் வயரில் நாமாகக் கை வைக்கக் கூடாது, மின்சார வேலை தெரிந்தவரிடமே சொல்லுங்கள்.

நகரத்தில் உள்ளவர்கள் பணம் செலவழித்து இருட்டைத் தேடிப் போகிறார்கள். நமக்கு அது வாசலிலேயே இருக்கிறது. வெளிச்சம் நமக்குத் தேவை. அது தரையில் விழட்டும். வானத்தை நம் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.