வறண்ட பூமியில் தோட்டமண் திருத்தம்

இராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களின் வறட்சிப் பகுதிகளில் காய்கறித் தோட்டம் போட முயல்வோர் பெரும்பாலும் ஒரே குறையைக் கூறுகின்றனர். "எவ்வளவு குப்பை அடித்தாலும் மண் தின்றுவிடுகிறது, அடுத்த வருஷம் பார்த்தால் பழைய மண்தான்" என்பதே அது. கடன்பட்டு வாங்கி இட்ட எரு ஓராண்டில் மறைந்தால் மனம் சலிப்பது இயல்பே. இதனால் தோட்டம் போடுவதையே கைவிட்டோரும் உளர். ஆனால் இங்கு எருவைத் தின்பது வெயில். இதனை அறிந்துகொண்டால் செய்யவேண்டுவதும் விளங்கும்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கை உண்டு வாழ்பவை. ஈரத்துடன் வெப்பமும் மிகுந்தால் அவற்றின் வேலை மிக விரைவாக நடக்கும். குளிர்நாட்டு மண்ணில் நெடுநாள் தங்கும் மக்கு, நம் மண்ணில் வெகு விரைவில் கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அதிலிருந்து வெளிப்படும் சத்தைப் பற்றி நிறுத்தவல்ல களியோ, மணற்பாங்கான செம்மண்ணிலும் தேரி மணலிலும் மிகச் சொற்பம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேர்ந்தாற்போல் கொட்டும் மழை, எஞ்சியதையும் கரைத்து அடிமண்ணுக்குக் கொண்டு போகிறது. ஆகவே, சத்தைப் பிடித்து நிறுத்தும் களியை மண்ணில் சேர்ப்பதும், எருவைச் சிறுகச் சிறுக இட்டு வெயில் படாமல் காப்பதும் நம் முன் உள்ள இரு பணிகளாகும்.

இவற்றுக்கு முன்னர் மண் ஆய்வு செய்துகொள்ளல் அவசியம். தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஆறு அங்குல ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவில் அனுப்பினால் போதும். வரப்போரத்திலும், மரநிழலிலும், எருக்குவித்த இடத்திலும் எடுத்தலாகாது. முடிவில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் குறைவாயின் மக்கு குறைந்த மண் என்று பொருள். கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டு, சோடியமும் மிகுந்திருப்பின் அது களர். அதற்கு ஆய்வில் கூறிய அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் கட்டி வடித்த பின்னரே எருவைப் பற்றி எண்ண வேண்டும். வெறும் உவராயின் ஜிப்சம் வீண் செலவு. நன்னீர் பாய்ச்சி உப்பைக் கழுவி வடிப்பதே அதற்கு மருந்து. கிணற்று நீரையும் உடன் சோதித்துக்கொள்ளல் நலம். அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. காரம் மிகுந்த மண்ணில் அது காரத்தை மேலும் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

மணற்பாங்கான நிலத்துக்குக் கண்மாய் வண்டலினும் சிறந்த பொருள் வேறில்லை. ஹெக்டேருக்கு 100 டன் வரை இடலாம். 5 சென்ட் தோட்டத்துக்கு ஏறத்தாழ 2 டன் ஆகிறது. கண்மாய் வற்றிய கோடையில் முறைப்படி அனுமதி பெற்று வெட்டி வந்து, பரப்பி, வெடித்துக் காய்ந்த பின் கட்டிகளை உடைத்து, மேல் ஆறு அங்குல மண்ணோடு கலந்துவிட வேண்டும். உப்புப் பூத்த கண்மாயின் வண்டலைத் தொடாதிருப்பதே நன்று. மக்கு ஆண்டுதோறும் கரைந்தாலும் களி கரைந்து போவதில்லை. இந்த உழைப்பின் பயன் பல ஆண்டுகள் நிற்கும்.

எருவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. பல ஊர்களில் சாணம் வீட்டுக்கு வெளியே திறந்த மேடாகக் கிடந்து, சித்திரை வெயிலில் வறட்டியைப் போல் காய்ந்து கிடப்பதைக் காண்கிறோம். தழைச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே ஆவியாகிவிடுகிறது. மாட்டின் மூத்திரமோ சேகரிக்கப்படுவதேயில்லை. தொழுவத் தரையில் காய்ந்த மண்ணையோ வைக்கோற்கூளத்தையோ பரப்பி, ஊறியதை அள்ளிக் குழியில் சேர்த்தால் அதுவும் எருவாகும்.

குழியிடுவதில் இரு முறைகள் பெயர் பெற்றவை. ஆல்பர்ட் ஹோவார்டு இந்தூரில் வகுத்த முறையில் அடிக்கடி புரட்டி நீர் தெளித்து வரவேண்டும். 1939-இல் சி. என். ஆசார்யா வகுத்த பெங்களூர் முறையிலோ, குப்பையும் சாணமும் அடுக்கடுக்காக இட்டு நனைத்து, மேலே மண் பூசி மூடிவிட்டால் பிறகு புரட்டலும் இல்லை, நீரும் இல்லை. மக்குவதற்கு ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் ஊர்களுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் கருத்து. மர நிழலில் மூன்றடி ஆழக் குழி போதுமானது. தென்னை நார்க்கழிவைப் பச்சையாக மண்ணில் இடுதல் கூடாது. மக்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடும். சீமைக் கருவேல நெற்று தின்ற ஆட்டின் எரு நன்கு மக்காவிடில், தோட்டம் முழுதும் முள் முளைக்கும்.

மக்கிய எரு சென்டுக்கு 50 கிலோ என்பது பொது அளவு. 5 சென்டுக்கான 250 கிலோவை ஒரே தடவையில் கொட்டாமல், பாதியை ஆடியிலும் மீதியைத் தையிலும் இட்டு, அன்றன்றே கொத்தி மூடிவிடுதல் வேண்டும். கீதாரிகளிடம் பேசிக் கிடை போடுவோரும், மறுநாள் காலையிலேயே உழுதுவிட்டால்தான் கொடுத்த கூலிக்கு முழுப் பயன் பெறுவர். ஆடியில் சணப்பு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மிதித்து, இரு வாரம் கழித்து நாற்று நடுவது எரு வாங்க இயலாதோருக்கு உகந்த வழி. நீர் வசதியே இல்லாதோர் கொளுஞ்சியை நாடலாம். அதன் விதையின் தோல் கடினமாதலால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தல் நலம்.

பாத்தி கட்டுவதிலும் கவனம் வேண்டும். மழை மிகுந்த ஊர்களைப் பார்த்து மேட்டுப் பாத்தி போடுவோர், அது நான்கு புறமும் காற்றுப்பட்டு விரைவில் உலர்வதைக் கருதுவதில்லை. நமக்கு வேண்டியது தரையினும் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்த பள்ளப் பாத்தி. அடைமழைக் காலத்தில் நீர் வடிய ஒரு மடை வெட்டிவிட்டால் போதும். அதன்மேல் கடலைத் தோலையோ, வைக்கோலையோ, நறுக்கிய பனையோலையையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்ப வேண்டும். கறையான் வரும் என்று அஞ்சுவோர் உளர், அச்சம் நியாயமானதே. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விலக்கி, வேப்பம் புண்ணாக்கைத் தூவி, அடியில் ஈரம் வற்றாமல் பார்த்துக்கொண்டால் சேதம் பெரும்பாலும் குறையும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கதும் உண்டு. தெருவில் பெருக்கிய சருகைக் கொளுத்துவதைத் தடுத்து, தூய்மைக் காவலர்கள் பிரித்தெடுக்கும் மட்கும் குப்பையை ஊர்ப் பொதுக் குழியில் இடச் செய்யலாம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையை எருவென்று தோட்டத்துக்குத் தர வேண்டாம். எந்தக் கண்மாயில் வண்டல் எடுப்பது, யாருக்கு எத்தனை டிராக்டர் நடை என்பதை மே 1 கிராம சபையிலேயே பேசி முடித்துவிட்டால், ஆடி மழைக்கு முன் மண் தோட்டம் சேர்ந்துவிடும். டிராக்டர் வாடகை கொடுக்க இயலாத கைம்பெண்களும் சிறு நிலத்தாரும் பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டும்.