கணினியில் கடிதமும் கணக்கும்



தோட்ட அலுவலகம் என்றவுடன் நம் தாத்தா பாட்டியர் நினைவில் முதலில் எழுவது, கிராணியாரின் மேசைமீது விரிந்து கிடந்த செக்ரோல் என்னும் பேரேடே ஆகும். அகன்ற தாள், இடப்பக்கம் தொழிலாளர்களின் பெயர்கள், மேலே அம்மாதத்து நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்க்கு அக்கட்டத்தில் ஒரு குறி விழும். மாத முடிவில் அக்குறிகளைக் கூட்டியே சம்பளம் வழங்கினர். மலாயாவில் வணிக நோக்கோடு இரப்பர் மரங்களை முதன்முதலில் பயிரிட்டவர் தான் சாய் யான் என்பார். அவர் 1896ஆம் ஆண்டில் தேர்ந்த இடம் நம் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங். அடுத்துப் புக்கிட் அசகானிலும் அவர் பெருந்தோட்டம் அமைத்தார். தோட்டங்கள் பெருகப் பெருகப் பேரேடுகளும் பெருகின.

அப்பேரேட்டில் ஒரு கட்டம் தவறினால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி தவறிப்போகும். எழுத்தறியாத தொழிலாளிக்கு அதனைச் சரிபார்க்கும் வழி ஏது? கிராணியார் கூட்டிச் சொன்னதே கணக்கு.

இன்று அந்தச் செக்ரோல் கணினித் திரைக்குள் புகுந்துவிட்டது. அதற்கு 'விரிதாள்' என்று பெயர். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியன யாவும் விரிதாள் மென்பொருள்களே. இவற்றுள் லிப்ரே ஆபிசைக் கட்டணமின்றிப் பெறலாம். ஒன்றைக் கற்றவர் மற்றவற்றை எளிதிற் கையாளுவர்; ஆதலால் எது சிறந்தது என்று வாதிட்டுக் காலம் போக்க வேண்டா.

விரிதாள் பிறந்த கதை சுவையானது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் பயின்று கொண்டிருந்தார். கரும்பலகையில் கட்டங்கட்டமாக எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், அதனைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 'ஓர் எண் மாறியவுடன் மற்றவை தாமே மாறும் பலகை இருந்தால் எப்படி?' என அவர் எண்ணினார். நண்பர் பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. எக்செல் வந்ததோ 1985ஆம் ஆண்டில்தான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒருவர் ஆறு நாட்களில் வெட்டிய பாலின் எடை, கிலோ கணக்கில் 21, 18, 0, 24, 19, 22 என்று கொள்வோம். (மூன்றாம் நாள் மழை.) விரிதாளில் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ, பி, சி என்னும் எழுத்துகளும், குறுக்கு வரிசைகளுக்கு 1, 2, 3 என்னும் எண்களும் பெயராக உள்ளன. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டு எண்போல ஒரு முகவரி உண்டு. பி1 முதல் பி6 வரை அவ்வெண்களை இடுங்கள். பி7இல் முதலில் சமக்குறியை இட்டு, கூட்டுக என்று பொருள்தரும் 'சம்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, பிறைக்குறிக்குள் பி1, முக்காற்புள்ளி, பி6 எனத் தட்டினால் 104 என்னும் விடை தோன்றும். இரண்டாம் நாளின் எடை 18 அன்று, 28 எனத் தெரியவந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் திருத்துங்கள். நீங்கள் தொடாமலே கூட்டுத்தொகை 114 ஆகிவிடும்.

இங்கு ஒரு பெரிய கண்ணி உண்டு. சிலர் கட்டத்தினுள் '18 கிலோ' என்று அழகாக எழுதுவர். எண்ணோடு சொல் சேர்ந்தவுடன் கணினி அதனை எண்ணாகக் கருதாது, வெறும் எழுத்தாகவே கருதும், கூட்டும்போது விட்டுவிடும். விடை 86 என வரும். 'பிழை' என்று அது கூவாது, மணி அடிக்காது. 18 கிலோ பாலுக்குரிய கூலி ஓசையின்றி மறைந்துபோகும். இதனைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 'கிலோ' என்பதைத் தலைப்பில் ஒருமுறை எழுதினாற் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கை எழுதும் பெரியவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனிக் கடிதத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். அப்பொறியில் ஒரு வரி விட்டுப்போயின் முழுப் பக்கத்தையும் மீண்டும் அடிக்க நேரும். 'சொற்செயலி' என்னும் மென்பொருள் அத்துன்பத்தை நீக்கிற்று. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்டு அவ்வகையினது. வரி நிறைந்தால் அது தானே அடுத்த வரிக்குச் செல்லும். பத்தி முடியும்போது மட்டும் நுழைவு விசையை அழுத்துக. தலைப்பை நடுவில் வைக்க இடைவெளி விசையை இருபது முறை தட்டுவது வீண்வேலை. அதற்கென்றே ஒரு பொத்தான் மேலே உள்ளது.

247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை இல்லையே, தமிழில் எங்ஙனம் எழுதுவது எனச் சிலர் அஞ்சுவர். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் உள்ளன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' என்று வரும். இரண்டு மகரம் அடுத்தடுத்து வருவதால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டும் 'அஞ்சல்' முறையும் உண்டு. அம்முறையை அளித்த முரசு அஞ்சல் மென்பொருள் நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் ஆக்கம் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் அடுக்கி வைத்திருந்தது. அவ்வாறு தட்டச்சிட்ட ஒரு பழைய ஆண்டு மலரின் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கட்டுரையும் கவிதையும் பொருளற்ற அயல் எழுத்துக் குவியலாய்த் தோன்றும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் வழங்கும் 'யூனிகோடு' என்னும் ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் எழுதியதை மெர்லிமாவிலும் படிக்கலாம், மதுரையிலும் படிக்கலாம். வீட்டில் பழைய கோப்புகள் இருப்பின், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் மென்பொருள்கள் உள்ளன. அவ்வெழுத்துரு கைவசம் இருக்கும்போதே மாற்றிச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

படவில்லைகளைக் காட்டும் பவர்பாயிண்ட் 1987இல் வெளிவந்தது. அதைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. பேசப்போவதையெல்லாம் அதில் எழுதிவிட்டால் அவையினர் திரையைப் படிப்பார்களேயன்றி உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

மாலை இடிமழையில் மின்சாரம் தடைப்படுவது நாம் அறிந்ததே. எழுதத் தொடங்கியவுடன் கோப்புக்குப் பெயரிட்டுச் சேமியுங்கள். 'புதியது', 'புதியது 2' என்னும் பெயர்களால் பின்னர் எதனையும் கண்டுபிடிக்க இயலாது. 'நூலகக் கடிதம் மார்ச்சு' என்பதுபோல் பொருள் விளங்கப் பெயரிடுக. கல்வியமைச்சு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கைக் கொண்டு கூகுள் மென்பொருளில் எழுதினால், இணையம் உள்ளவரை அது தானே சேமித்துக்கொண்டிருக்கும். பள்ளியிலோ நூலகத்திலோ பொதுக் கணினியைப் பயன்படுத்தினால், எழுந்து வருமுன் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். கடவுச்சொல்லை உற்ற தோழனிடமும் சொல்ல வேண்டா. ஆசிரியரும் பெற்றோரும் அறிந்தாற் போதும்.