நாலரை ஸ்காலர்ஷிப், பத்து இடம்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ எஸ்டேட் கிளப் கோர்ட்டில் ஆடி வளர்ந்த பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து 'டென்னிஸ் ஸ்காலர்ஷிப்' என்று கடிதம் வந்தால், சந்தோஷப்படுங்கள். கூடவே ஒன்றைக் கேளுங்கள்: முழுசா, பாதியா?

அங்கே கல்லூரி டென்னிஸ் அணியாக ஆடும் ஆட்டம். மூன்று இரட்டையர் ஆட்டங்களில் இரண்டை வென்றால் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதலில் நான்கு எடுக்கும் அணி ஜெயிக்கும். ஆகவே ஆறு பேர் கட்டாயம் வேண்டும். காய்ச்சல், கணுக்கால் சுளுக்கு என்று வந்தால் சமாளிக்க இன்னும் சிலர்.

ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் 2024-25 வரை ஆண்கள் அணிக்கு அனுமதி நாலரை ஸ்காலர்ஷிப்புக்குத்தான். பயிற்சியாளர் அதைக் கூறு போட்டுக் கொடுப்பார். ஒருவருக்கு முழுசு, இன்னொருவருக்குக் கால் பங்கு. மீதிக் கட்டணம் பெற்றோர் தலையில். பெண்கள் அணிக்கோ எட்டு, எட்டுமே முழுத்தொகை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்குப் பின்னணி. பெரிய கல்லூரிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் மட்டுமே ஆண்களுக்கு 85 ஸ்காலர்ஷிப் எடுத்துக்கொண்டது. அதை மற்ற ஆட்டங்களில் பெண்களுக்கு ஈடுகட்ட வேண்டியிருந்தது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாடு இந்தக் கணக்கை மாற்றியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு கிடையாது. அணியில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். பத்துப் பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. டென்னிஸ் டிக்கெட் விற்றுப் பிழைக்கும் ஆட்டமல்ல. விளையாட்டுத் துறை ஒதுக்குவதுதான் அதன் வரவு. அதனால் பத்துப் பேருக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இடமும் பத்துதான் என்பதால், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவரோடும் உங்கள் பிள்ளை அந்தப் பத்து இடத்துக்குப் போட்டியிட வேண்டும். தொகை எத்தனை ஆண்டுக்கு, பயிற்சியாளர் வேறிடம் போனால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்வது பயமுறுத்த அல்ல. இந்தப் பாதையின் பலனை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக 1995இல் என்.சி.ஏ.ஏ. இரட்டையர் பட்டம் வென்றார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு ஆண்டும் அங்கே ஒற்றையர் சாம்பியன். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் இருந்த வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணி 2025 மே மாதம் தேசியப் பட்டம் வென்றது. செப்டம்பரில் அவரே டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்திய இந்திய அணியில் ஆடினார்.

நம் கல்லூரிகளிலோ பெரும்பாலும் ஒரே உடற்கல்வி இயக்குநர் கபடியிலிருந்து டென்னிஸ் வரை பார்த்துக்கொள்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளில் டென்னிஸுக்கென்றே தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளரும் உண்டு. ஆள் தேடுவதும் அவர்கள் வேலைதான். அவர்கள் முதலில் பார்ப்பது யு.டி.ஆர். என்னும் தரவெண், அது போட்டி ஆடினால்தான் ஏறும்.

மலைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். 1,219 மீட்டருக்கு மேல் ஆடத் தனிவகைப் பந்துகளையும் டென்னிஸ் விதிகள் அனுமதிக்கின்றன; மெல்லிய காற்றில் சாதாரணப் பந்து எகிறிப் பறக்கும். இங்கே பழகிய கை சமவெளியில் தடுமாறும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பே கோயம்புத்தூருக்கு இறங்கி, அந்தக் காற்றில் ஆடிப் பார்க்கட்டும்.